தண்ணீரா, தரையா? வயதான பெண்களின் இதயம் போடும் கணக்கு

மார்பளவு தண்ணீரில் ஒரு பெண் நிற்கிறார். வயது 67. இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. சற்று முன்பு நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்றபடி மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து எண்ணியபோது நாடி நிமிடத்துக்கு 82 இருந்தது. இறங்கி ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுகிறார். 72. தண்ணீருக்குள் வந்ததும் இதயம் ஓய்வெடுக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நடப்பது வேறு. துடிப்பின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு கூடியிருக்கிறது. குறைந்ததைவிடக் கூடியது அதிகம். நிமிடக் கணக்கு பார்த்தால், கரையில் நின்றபோது தள்ளியதைவிட இப்போது கூடுதலான இரத்தத்தை அந்த இதயம் தள்ளிக்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் சும்மாதான் நிற்கிறார்.

வயதான பெண்களுக்குத் தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி நல்லதா, தரையில் நடப்பது நல்லதா என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'முழங்கால் வலி இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் நடை' என்பது. மூட்டு மருத்துவர் சொல்லும் பதில் அது. மூட்டைப் பொறுத்தவரை சரியும்கூட. இதயத்தை வைத்துக் கேட்டால் அந்தப் பதில் போதாது. தண்ணீரில் செய்வது தரையில் செய்வதன் இலகுவான நகல் அல்ல. அது வேறொரு பயிற்சி. இதயத்துக்கு அது வைக்கும் வேலையும் வேறு, கொடுக்கும் பலனும் வேறு, ஆபத்துகளும் வேறு.

தண்ணீர் உடலை என்ன செய்கிறது

தண்ணீரின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் உடல்மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 0.74 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கூடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதத்தைச் சுற்றி 74 மில்லிமீட்டர். இரத்த அழுத்தக் கருவியில் 120/80 என்று வருகிறதே, அதில் கீழே இருக்கும் எண்ணுக்கு அருகில் வந்துவிடுகிறது இது. பாதத்தில் அதிகம், முழங்காலில் சற்றுக் குறைவு, இடுப்பில் இன்னும் குறைவு. சுருள்சிரை நோய் உள்ளவர்கள் அணியும் அழுத்தக் காலுறையும் இதே முறையில்தான் தயாரிக்கப்படுகிறது: கணுக்காலில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்ச்சி. குளத்தில் இறங்குகிறவர் கழுத்துவரை அப்படியொரு உறையை மாட்டிக்கொள்கிறார்.

தரையில் நிற்கும்போது புவியீர்ப்பினால் கால்களிலும் வயிற்றிலும் தேங்கும் இரத்தத்தை இந்த அழுத்தம் மேலே தள்ளிவிடுகிறது. கழுத்துவரை தண்ணீரில் நின்றால் சுமார் 700 மில்லி இரத்தம் மார்புக் கூட்டுக்குள் இடம்பெயர்கிறது என்பது 1972-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்ன கணக்கு. இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் இரத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். வந்து சேர்ந்த இரத்தம் இதயத்தின் அறைகளை விரிக்கிறது. விரிந்த தசை முன்னைவிட வலுவாகச் சுருங்குகிறது. ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று மருத்துவ மாணவர்கள் முதல் ஆண்டில் படிப்பது இதைத்தான். ஒரு துடிப்பில் இவ்வளவு இரத்தம் போகும்போது இத்தனை துடிப்புகள் வேண்டாம் என்று நரம்பு மண்டலம் நாடியைக் குறைக்கிறது. அந்தப் பெண் 72 என்று எண்ணியது இதனால்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. மேலறைகள் விரிவதை 'உடலில் நீர் அதிகமாகிவிட்டது' என்று இதயம் எடுத்துக்கொள்கிறது. உடனே ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. இதயமே ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பதை கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் 1981-இல்தான் நிறுவினார். குளத்தில் இறங்கிக் கால் மணி நேரத்தில் பலருக்குச் சிறுநீர் முட்டுவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. வயதானவர்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த முறை தண்ணீர் குடிக்காமலே வந்துவிடுகிறார்கள். அது தவறு. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, தாகமும் குறைவாகவே எடுக்கும். உடலோ நீரை இழந்துகொண்டிருக்கும். இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ ஏற்கெனவே சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடும்.

மிதப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எண்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இடுப்பளவு நீரில் காலுக்கு இறங்கும் சுமை உடல் எடையில் பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தரையில் 60 கிலோவைத் தாங்கும் முழங்கால் மார்பளவுத் தண்ணீரில் 20 கிலோவுக்கும் குறைவாகவே தாங்குகிறது.

எதிர்ப்பு விசையின் கணக்கு அதைவிடச் சுவையானது. தண்ணீருக்குள் கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக அசைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே ஒரே குளத்தில், ஒரே பாட்டுக்கு, ஒரே அசைவைச் செய்யும் இரண்டு பெண்களில் ஒருவர் கடும் உழைப்பும் மற்றவர் வெறும் உலாவும் செய்துகொண்டிருக்கலாம். கரையில் நிற்கும் பயிற்சியாளர் கண்ணுக்கு இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

அந்த இதயம் எப்படிப்பட்டது

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியும் வேகமாகக் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது. ஐம்பது வயதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த பெண்களின் இரத்த அழுத்தம் அறுபதுகளில் அவர்களை எட்டிப்பிடித்துப் பிறகு தாண்டியும் போகிறது. குறிப்பாக மேல் எண் மட்டும் ஏறும், 158/76 என்பதுபோல. குழாய்ச் சுவர் விறைத்துவிட்டதன் அடையாளம் அது.

விறைத்த குழாய்க்குள் பல ஆண்டுகள் இரத்தத்தைத் தள்ளிய இதயத்தின் சுவரும் தடித்து விறைக்கிறது. சுருங்கும் வலிமை அப்படியே இருக்கும்; ஆனால் தளர்ந்து, விரிந்து, இரத்தத்தை வாங்கிக்கொள்வதில் தடுமாறும். இந்த வகை இதயச் செயலிழப்பு வயதான பெண்களிடமே அதிகம். எக்கோ பரிசோதனையில் 'பம்பிங் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயதாகிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்களும் அவரும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

மேலே சொன்ன 700 மில்லியை இப்போது இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். நெகிழ்ச்சியான இதயத்துக்கு அது விருந்து. விறைத்த இதயத்துக்கு, நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றுவதுபோல. உள்ளே இடம் கிடைக்காத அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும், மூச்சு முட்டும். பெரும்பாலான பெண்களுக்கு இந்த நிலை வருவதில்லை. மிதமான இதயச் செயலிழப்பு உள்ளவர்கள்கூட மருத்துவக் கண்காணிப்பில், இதமான வெப்பத்தில் உள்ள நீரில் பயிற்சி செய்து முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் 'தண்ணீர் எல்லாருக்கும் பாதுகாப்பு' என்ற விளம்பர வாசகத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இதய மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. தலையணைகளை அடுக்காமல் மல்லாந்து படுத்துத் தூங்க முடிகிறதா? முடிந்தால் மார்பெலும்பின் கீழ்முனை வரையிலான ஆழத்தில் நிற்கலாம். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால் தண்ணீருக்குள் போகும் பேச்சே வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும். படுக்கும்போதும் கால்களின் இரத்தம் மார்புக்குத்தான் வருகிறது. அதைச் சமாளிக்காத இதயம் குளத்தையும் சமாளிக்காது.

பெர்த் நகரத்துப் பெண்கள்

நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்தது. எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்தது என்பதால் பிடிக்கும். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, 50 முதல் 70 வயதுவரையுள்ள 116 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நடை, மற்றொரு பிரிவுக்கு நீச்சல். முதல் ஆறு மாதம் கண்காணிப்பில். மூட்டுக்கும் மூச்சுக்கும் நல்லது என்று பெயரெடுத்த நீச்சல் குறைந்தபட்சம் நடையோடு சமநிலையிலாவது நிற்கும் என்றுதான் எவரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, நடந்தவர்களோடு ஒப்பிட்டபோது நீந்தியவர்களைப் படுக்க வைத்து அளந்த இரத்த அழுத்தத்தின் மேல் எண் 4.4 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

பெரிய எண் அல்ல. ஆனால் தவறான திசையில் போன எண்.

இதற்கு நேரெதிராக, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் 50 வயதைக் கடந்த ஆண்களும் பெண்களுமாக 43 பேரை வைத்து நடத்திய சோதனையில், 12 வாரம் நீந்தியவர்களின் மேல் எண் சராசரியாக 131-இலிருந்து 122-க்கு இறங்கியது. குழாய்களின் நெகிழ்ச்சியும் கூடியது. 2012-இல் இது வெளியானது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஆஸ்டினில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே அழுத்தம் சற்று ஏறியிருந்தவர்கள்; இறங்குவதற்கு அங்கே இடம் இருந்தது. அவர்களின் ஒப்பீட்டுப் பிரிவு நடக்கவில்லை, தளர்வுப் பயிற்சி மட்டுமே செய்தது. பெர்த்திலோ நீச்சலின் போட்டியாளர் நடை. சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் நீச்சல் வெல்லலாம். நடையோடு ஒப்பிட்டால் அதே நீச்சல் தோற்கலாம். செய்தித் தலைப்புகளில் 'நீச்சல் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்' என்று படிக்கும்போது, எதோடு ஒப்பிட்டு என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

நீச்சலுக்கே உரிய சில விஷயங்களும் இதில் வேலை செய்திருக்கலாம். வயதான பிறகு நீந்தப் பழகுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், தோளையும் கழுத்தையும் இறுக்கிக்கொள்கிறார். முகம் தண்ணீரில் மூழ்கும்போது எழும் அனிச்சைச் செயல் நாடியைக் குறைத்துக் கைகால்களின் குழாய்களைச் சுருக்குகிறது. மூழ்கி நீந்தும் விலங்குகளுக்கு உயிர்காக்கும் ஏற்பாடு அது, நமக்கும் மிச்சமிருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நீச்சல் வேறு, நீர்ப் பயிற்சி வேறு. தலையை வெளியே வைத்துக்கொண்டு மார்பளவு நீரில் நடப்பது, முழங்காலை உயர்த்துவது, கைகளால் நீரைத் தள்ளுவது ஆகியவற்றுக்கு நீந்தத் தெரிந்திருக்கவே வேண்டாம். முகம் நனையாது, மூச்சு உங்கள் கையில். ஜப்பானில் 60 முதல் 75 வயதுப் பெண்களிடம் இத்தகைய பயிற்சியை வாரம் மூன்று நாள், 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு 12 சதவீதம் கூடியது. கால் வலிமை கூடியது. கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தது. பிரேசிலில் பல மாத்திரைகள் சாப்பிட்டும் இரத்த அழுத்தம் அடங்காத 32 பேரை வைத்து, வெதுவெதுப்பான நீரில் 12 வாரம் பயிற்சி தந்தார்கள். மருத்துவமனையில் அளந்த மேல் எண் 163-இலிருந்து 127-க்கு வந்தது. அசாதாரணமான இறக்கம் அது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் 32 பேர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுக் குளத்துக்குப் போகலாம் என்று அதற்குப் பொருளல்ல.

தரைக்குச் சாட்சிகள் அதிகம்

சிறிய ஆய்வுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நடையின் பக்கம் திரும்பினால் எண்ணிக்கை சட்டென்று மாறுகிறது. அமெரிக்காவில் 72,488 செவிலியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999-இல், வாரம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விறுவிறுவென நடந்த பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாகச் சொன்னது. 2002-இல், மாதவிடாய் நின்ற 73,743 பெண்களைக் கொண்ட ஆய்வு, கடுமையான பயிற்சிக்கு ஈடான நன்மை நடையிலும் கிடைப்பதாகக் கண்டது. 2019-இல் வந்தது இன்னும் சுவையானது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டிவிட்டு அடிகளை எண்ணினார்கள். நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் நன்மை எதுவும் தென்படவில்லை. பத்தாயிரம் அடி என்று எல்லாரும் மந்திரம்போல ஓதுவது ஜப்பானில் 1960-களில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது.

ஆரோக்கியமாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்பதால் இந்த ஆய்வுகள் நடையின் பலனைச் சற்று மிகைப்படுத்தக்கூடும். அதே குறை நீச்சலுக்குச் சாதகமாக வந்த பெரிய ஆய்வுக்கும் உண்டு: பிரிட்டனில் 80,306 பேரின் தகவல்களை ஆராய்ந்தபோது நீந்துகிறவர்களிடம் இதயநோய் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் நீந்துகிறவர்கள் யார்? குளத்துக்குப் போக நேரமும் வசதியும் உள்ளவர்கள், நீந்துமளவுக்கு உடல்நலம் உள்ளவர்கள்.

பழைய ஆய்வுகளைப் புரட்டும்போது இன்னொன்றும் உறுத்தும். உடலசைவும் இதயமும் பற்றிய நவீன ஆராய்ச்சி தொடங்கியதே லண்டன் பஸ்களில்தான். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவரைவிட மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு இதயநோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் குழுவினர் 1953-இல் எழுதினார்கள். எண்ணப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். பயிற்சிக் கூடங்களின் சுவரில் ஒட்டியிருக்கும் '220-இலிருந்து வயதைக் கழி' என்ற நாடிக் கணக்கும் பெரும்பாலும் ஆண்களை வைத்தே உருவானது. பெண்களுக்கு '206-இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழி' என்ற திருத்தம் வருவதற்கு 2010 ஆகிவிட்டது. 70 வயதுப் பெண்ணுக்குப் பழைய கணக்கில் உச்ச நாடி 150. புதிய கணக்கில் 144.

அந்தச் சுவரொட்டியை அப்படியே குளக்கரைக்கு எடுத்துச் செல்வதில்தான் தவறு நடக்கிறது. தண்ணீரில் நாடி சராசரியாக 10 முதல் 15 துடிப்புகள் குறைவாகவே இருக்கும். ஆழம், வெப்பம், ஆளைப் பொறுத்து மாறும். தரையில் 110 என்று இலக்கு வைத்துப் பழகியவர் தண்ணீரிலும் 110 வரவேண்டும் என்று கைகால்களை வீசினால் தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருப்பார். நான் முதலில் சொன்ன பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'இன்னும் நூறைத் தாண்டவில்லையே' என்று வேகத்தைக் கூட்டும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நனைந்த மணிக்கட்டில் கடிகாரம் காட்டும் எண்ணே நம்பகமில்லை என்பது தனிக் கதை.

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அந்த மாத்திரையின் வேலையே நாடியை அடக்கி வைப்பதுதான். ஆகவே நாடியை விட்டுவிட்டுப் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் நிற்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவையில் 12, 13 என்று சொல்வது இதைத்தான். தண்ணீரிலும் தரையிலும் ஒன்றுபோலச் செல்லுபடியாகும் கருவி நம் வாய்தான்.

தண்ணீர் தர முடியாதது

சுமையைக் குறைப்பதுதான் தண்ணீரின் சிறப்பு. எலும்புக்கு வேண்டியதோ சுமை. மாதவிடாய் நின்ற பிறகு வேகமாக அடர்த்தி குறையும் இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் தரையில் அடி பதிக்கும் அதிர்வைக் கேட்டுத்தான் தங்களை வலுப்படுத்திக்கொள்கின்றன. தண்ணீரே கதி என்று இருப்பவருக்கு இதயம் நன்றாக இருக்கலாம். எலும்பு அதே அளவுக்குப் பலன் பெறாது. அறுபதுக்கு மேல் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தால் இதயத்துக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதால், இதயத்தைப் பற்றிய கட்டுரையில் எலும்பைப் பேசுவது விலகல் அல்ல.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாடிப்படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீரில் கீழே இழுக்கும் சுமை பெரிதாக இல்லாததால் இந்த வகைத் தசைவேலை கிட்டத்தட்ட கிடையாது. தள்ளினால் எதிர்ப்பு, நிறுத்தினால் ஒன்றுமில்லை. குளத்தில் ஒரு மணி நேரம் அசராமல் ஆடுகிறவர் படியில் இறங்கக் கைப்பிடியைத் தேடுவது இதனால்தான். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருவதைப் பத்து முறை செய்தால் போதும்; தண்ணீர் விட்டுவைத்த பாக்கியைத் தரை தீர்த்துக்கொடுக்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு நிற்கவில்லை. இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி என்று சேர்த்துச் சொன்னது.

இவ்வளவும் சொன்னபின் தண்ணீரின் பக்கம் ஒரு வாதத்தை வைக்காமல் விட்டால் அநியாயம். இதயத்துக்கு எந்தப் பயிற்சி சிறந்தது என்பதைவிட, இதயம் வேகமெடுக்கும் அளவுக்கு இவரால் எதைச் செய்ய முடிகிறது என்பதே பல பெண்களின் நிலைமை. முழங்கால் தேய்ந்தவர் தரையில் நடக்கும்போது அவரை நிறுத்துவது இதயமல்ல, வலி. இதயம் இன்னும் சூடேறவே இல்லை. அதற்குள் திண்ணையைத் தேடுகிறார். அவரே மார்பளவுத் தண்ணீரில் இருபது நிமிடம் மூச்சு வாங்க நடப்பார். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சிறு அடியாக வைப்பவர் தண்ணீரில் நீட்டி அடி வைப்பார். தடுமாறினால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இருமினாலும் வேகமாக நடந்தாலும் சிறுநீர் கசிவதால் நடையையே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். மருத்துவரிடம்கூட அதைச் சொல்லாமல் 'நேரமில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குக் குதிப்பும் அதிர்வும் இல்லாத தண்ணீர் பெரிய விடுதலை.

வெப்பத்தில் கவனம் வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் மிதமான உழைப்புக்கு ஏற்றது. அதற்கு வெகுவாகக் கீழே போனால் தோலின் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். மேலே போனால் அவை விரிந்து அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். குளிர்ந்த திறந்தவெளி நீரில் நீந்துகிறவர்களில் சிலருக்கு நுரையீரலில் திடீரென நீர் கோத்துக்கொள்வதுண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் அது அதிகமாகக் காணப்படுகிறது. நீந்தும்போது இருமலும் நுரை கலந்த சளியும் வந்தால் தண்ணீர் புரையேறிவிட்டது என்று தள்ளிவிடாமல் உடனே வெளியேற வேண்டும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரின் அனுமதி இல்லாமல் தண்ணீரும் கிடையாது, விறுவிறு நடையும் கிடையாது. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் காட்சியாக வராமல் போகலாம். தாடையில் வலி, முதுகில் பாரம், காரணமில்லாத சோர்வு, குமட்டல், மூச்சுத் திணறல் என்று வரலாம். குளத்தில் இவை வந்தால் பயிற்சியின் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது.

ஏணியின் கடைசிப் படி

மறுபடி அந்த 67 வயதுப் பெண். நாற்பது நிமிடம் நன்றாக நடந்தார், நீரைத் தள்ளினார், பேச்சு நிற்காத அளவுக்கு மூச்சு வாங்கியது. வகுப்பு முடிந்ததும் ஏணியைப் பிடித்து மேலே ஏறுகிறார். முதல் படியில் இடுப்பு வெளியே வருகிறது. கால்கள் திடீரென்று இரும்பாகக் கனக்கின்றன. கடைசிப் படியில் கண் இருட்டுகிறது. ஈரத் தரையில் நின்று எதையாவது பிடிக்கத் தேடுகிறார்.

பயிற்சி முழுவதும் அவர் இரத்தத்தை மேலே ஏந்திப் பிடித்திருந்த அழுத்தம் அந்தப் பத்து நொடியில் விலகிவிட்டது. மார்புக்குப் போயிருந்த இரத்தத்தில் பெரும்பகுதி மறுபடி கால்களுக்கு இறங்குகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றும் வேலையை முன்பே தொடங்கிவிட்டிருந்தது. உழைத்த தசைகளின் குழாய்கள் விரிந்தே கிடக்கின்றன. காலையில் போட்ட இரத்த அழுத்த மாத்திரையும் உச்சத்தில் இருக்கும் நேரம். எல்லாம் சேர்ந்து அழுத்தத்தைக் கீழே இழுக்கின்றன. தண்ணீருக்குள் விழுந்தாலும் அடிபடாத அவர் ஆபத்தில் நிற்பது இப்போதுதான்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆழத்திலிருந்து இடுப்பளவுக்கும் பிறகு தொடையளவுக்கும் நகர்ந்து வந்து மெதுவாக நடக்க வேண்டும். செங்குத்து ஏணி வேண்டாம். கைப்பிடியுள்ள படிக்கட்டு இருந்தால் அதில் ஏறலாம். ஒவ்வொரு படியிலும் நின்று, குதிகாலை இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு துண்டை எடுக்கலாம்.